படை வந்த அக்டோபரும் நாங்கள் எழுதிவைத்த குறிப்புகளும்

2025 அக்டோபர் 7 அன்று டெக்சாஸ் மாநில நேஷனல் கார்டு (மாநிலத் துணைப் படை) வீரர்கள் சுமார் 200 பேர், சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்துக்குள் வந்து இறங்கினார்கள். எல்வுட் என்கிற சிற்றூரில் உள்ள ராணுவ ரிசர்வ் பயிற்சி மையத்தில் அவர்களைத் தங்கவைத்தார்கள். நேப்பர்வில்லில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம்தான். ஆளுநர் ஜே.பி. பிரிட்ஸ்கர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், இல்லினாயின் சொந்த கார்டு வீரர்கள் 300 பேரையும் டிரம்ப் அரசு தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. அதற்கு ஒரு மாதம் முன்பே, செப்டம்பர் 8 முதல், 'மிட்வே பிளிட்ஸ்' என்று பெயர் வைத்து, குடிவரவு அமலாக்கத் துறையான ஐஸும் எல்லைக் காவல் படையான பார்டர் பேட்ரோலும் சிகாகோவில் ஆள்பிடிக்கத் தொடங்கியிருந்தன. செப்டம்பர் 30 நள்ளிரவுக்குப் பிறகு சவுத் ஷோரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பைச் சுற்றி வளைத்தபோது பிளாக் ஹாக் ஹெலிகாப்டரே வந்தது.

எங்கள் தமிழ் வாட்ஸாப் குழுக்களில் அந்த வாரம் இரண்டே குரல்கள். "பேப்பர் சரியா இருந்தா எதுக்குங்க பயம்?" என்பது ஒன்று. "ஊருக்கே திரும்பிடலாமா?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் நடுவில் செய்வதற்கு எக்கச்சக்கமான வேலை இருந்தது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் சட்டம். படிக்க அலுப்பாக இருக்கும், ஆனாலும் இது தெரியாமல் தெருவில் நிற்பதில் பயனில்லை. நேஷனல் கார்டு என்பது சாதாரண நாளில் ஆளுநரின் படை. வெள்ளம், பனிப்புயல் என்றால் ஆளுநர் கூப்பிடுவார். 2020-ல் கோவிட் பரிசோதனை மையங்களில் நின்றவர்களும் இவர்கள்தான். அதிபர் இவர்களைத் தன் கைக்குள் எடுக்க வேண்டுமென்றால் சட்டம் மூன்று காரணங்களை அனுமதிக்கிறது: அந்நியப் படையெடுப்பு, கிளர்ச்சி, அல்லது 'வழக்கமான படைகளை' வைத்துச் சட்டத்தை நிறைவேற்ற முடியாத நிலை. இன்னொரு பக்கம், ராணுவத்தை உள்நாட்டுப் போலீஸ் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 1878-ல் போட்ட பாஸி காமிட்டாட்டஸ் சட்டம் இருக்கிறது. அதைத் தாண்டுவதற்கென்று 1807-ன் கிளர்ச்சிச் சட்டம் இருக்கிறது. அதைக் கடைசியாக எடுத்தது 1992-ல், லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தின்போது. அன்று கலிபோர்னியா ஆளுநரே கேட்டுக்கொண்டார். ஆளுநர் கேட்காமலே கார்டை அதிபர் எடுத்துக்கொண்டது என்றால் 1965-ல் செல்மா ஊர்வலத்தின்போது லிண்டன் ஜான்சன் செய்தது. அதுவும் கறுப்பின மக்களுக்குப் பாதுகாப்பு கொடுப்பதற்காக. அதற்குப் பிறகு 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில்தான் அது மறுபடி நடந்தது.

மாநில சுயாட்சி என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்த கதையை என் அப்பா ஒவ்வொரு பொங்கல் லீவிலும் சொல்வார். வேறொரு நாடு, வேறொரு அரசியல் சட்டம். ஆனாலும் மத்தியில் இருப்பவர் மாநிலத்தை மிரட்டும் தொனி காதுக்குப் பழகியதுதான்.

அடுத்து, யார் எதைச் செய்யலாம் என்று வீட்டுக்குள் பிரித்துக்கொண்டோம். எங்கள் வீட்டிலேயே மூன்று ரகம். நான் சிட்டிசன், கணவர் கிரீன் கார்டு, அவருடைய தம்பி எச்1பி. மூன்று பேருக்கும் பேச்சுரிமை உண்டுதான், ஆனால் அதற்குக் கொடுக்கவேண்டிய விலை மூவருக்கும் ஒன்றல்ல. கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் மஹ்மூத் கலீல் கிரீன் கார்டு வைத்திருந்தவர். எந்தக் குற்ற வழக்கும் இல்லாமல் 2025 மார்ச்சில் அவரைப் பிடித்து, மூன்று மாதத்துக்கு மேல் லூயிசியானாவில் அடைத்து வைத்தார்கள். அதனால் தெருவில் நிற்கும் வேலை என்னுடையது. கணவர் போன் செய்வது, கடிதம் எழுதுவது, ஆவணங்களைப் பார்ப்பது. கொழுந்தனார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு சமையலையும் கவனிப்பது. "நான் மட்டும் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கேனே அண்ணி" என்று அவர் வருத்தப்பட்டார். சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை ஒருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் என்னால் எங்கே போக முடியும்? எச்1பி, கிரீன் கார்டு உள்ளவர்கள் தங்கள் பதிவு ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது நெடுநாளைய சட்டம். சிட்டிசனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் பாஸ்போர்ட் அட்டையை பர்ஸில் வைத்துக்கொண்டுதான் நான் வெளியே போனேன்.

உரிமைகளைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு பக்கத்து ஊர் நூலகத்தில் நடந்தது. வாரண்டைப் படிப்பது எப்படி என்பதுதான் அங்கே முக்கியப் பாடம். இரண்டு நகல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஒன்றின் தலைப்பில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பெயர், கீழே ஒரு அதிகாரியின் கையெழுத்து. இன்னொன்றில் நீதிமன்றத்தின் பெயர், நீதிபதியின் கையெழுத்து, முகவரி, தேதி. வீட்டுக்குள் நுழைய வேண்டுமானால் இரண்டாவது வேண்டும் என்பதுதான் இத்தனை காலமாக இருந்துவரும் விதி. முதல் வகைத் தாளை வைத்தே கதவை உடைக்கலாம் என்கிற உள்சுற்றறிக்கை ஒன்று இருப்பது 2026 ஜனவரியில் வெளியே வந்தது. ஆகவே கதவைத் திறக்காதீர்கள், தாளைக் கதவுக்கு அடியில் தள்ளச் சொல்லுங்கள், 'உள்ளே வர நான் சம்மதிக்கவில்லை' என்று உரக்கச் சொல்லுங்கள். அதையும் மீறி வந்தால் மல்லுக்கு நிற்காதீர்கள், நடந்ததை நினைவில் வையுங்கள். சம்மதம் இல்லை என்று சொன்னது வக்கீலுக்குப் பிறகு உதவும்.

படம் பிடிப்பதற்கு வருகிறேன். இல்லினாயில் பொது இடத்தில் வேலையில் இருக்கும் போலீஸை ஒலியோடு பதிவுசெய்யும் உரிமை 2012-ல் ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் உறுதியானது. அதற்கு முன் இங்கே ஒலிப்பதிவே குற்றமாகக்கூடிய சட்டம் இருந்தது. ஆனால் படம் எடுப்பது வேறு, சான்றாக நிற்கிற மாதிரி எடுப்பது வேறு.

அக்டோபர் மத்தியில் ஒரு சனிக்கிழமை, வீட்டுச் சாமான் விற்கும் பெரிய கடையின் பார்க்கிங்கில் விசில் சத்தம் கேட்டது. அந்த மாதம் சிகாகோ முழுக்கக் கழுத்தில் விசில்தான். ஐஸ் ஆட்கள் பக்கத்தில் இருந்தால் விட்டுவிட்டுச் சின்னச் சின்னதாக ஊதுவார்கள். யாரையாவது பிடித்துவிட்டால் நீளமாக. இது நீளமாகக் கேட்டது. புல்வெட்டும் கம்பெனியின் டிரக், அதை மறித்து இரண்டு கார்கள், முகமூடி போட்ட நாலைந்து பேர். டிரக்கின் கதவு திறந்தே கிடந்தது, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, டாஷ்போர்டில் பாதி குடித்த காப்பி. பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று போனைக் கிடைமட்டமாகப் பிடித்தேன். வகுப்பில் சொன்னபடி தேதி, நேரம், குறுக்குத் தெருவின் பெயர், கார்களின் நிறம், எத்தனை பேர், உடையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாயால் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிடிபட்டவரின் முகத்துக்கு கேமராவைக் கொண்டுபோகவில்லை. அவரைப் பார்த்து, "பேர் என்ன? யாருக்குச் சொல்லணும்?" என்று கேட்டேன். பேரையும் மனைவியின் போன் நம்பரையும் ஸ்பானிஷில் கத்தினார். பக்கத்தில் நின்ற பெண் அதைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள். நாலு நிமிஷத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நம்பர் இல்லாவிட்டால் அவர் எங்கே போனார் என்று வீட்டுக்கே தெரிந்திருக்காது. டிரக்கை அணைத்துச் சாவியை எடுத்துவைத்ததும் அந்தப் பெண்தான்.

அந்த வீடியோவை நான் எங்கேயும் போடவில்லை. வெட்டாமல், ஒட்டாமல், அசல் கோப்பை அப்படியே சட்ட உதவிக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, அன்று இரவே பார்த்ததைக் கோர்வையாக எழுதி வைத்தேன். யூகம் வேண்டாம், கோபம் வேண்டாம், கண்ணால் பார்த்தது மட்டும். இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு நீதிபதி சாரா எல்லிஸின் தீர்ப்பைக் காட்டுவேன். கண்ணீர்ப்புகையைக் கண்டபடி வீசியது பற்றிப் பத்திரிகையாளர்களும் போராட்டக்காரர்களும் தொடுத்த வழக்கு அது. நவம்பரில் வந்த 233 பக்கத் தீர்ப்பில், அரசு சொன்ன கதையையும் வீடியோக்களில் தெரிவதையும் இடம் இடமாக அவர் ஒப்பிட்டிருக்கிறார். பார்டர் பேட்ரோல் தளபதி கிரெகரி பொவினோ, தன் மேல் கல் பட்ட பிறகுதான் புகைக்குண்டு வீசியதாகச் சொன்னது பொய் என்பதும் அங்கேதான் பதிவானது. புகைக்குண்டு வீசுவதைக் கட்டுப்படுத்தி அவர் போட்ட உத்தரவை மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுத்திவைத்தது என்பதையும் சொல்லவேண்டும். உத்தரவு நின்றுபோனது, பதிவு அழியவில்லை.

நேஷனல் கார்டு வழக்கிலும் அதே கதைதான். நீதிபதி ஏப்ரல் பெர்ரி அக்டோபர் 9-ல் படையை இறக்கத் தடை போட்டபோது, சிகாகோ பகுதியில் என்ன நடக்கிறது என்று அரசு கொடுத்த விவரத்தை நம்பமுடியவில்லை என்றே சொன்னார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அங்கே கை கொடுத்த வாதம் வந்த வழி வேடிக்கையானது. 'வழக்கமான படைகள்' என்றால் போலீஸோ ஐஸோ இல்லை, முறையான ராணுவம் என்று பொருள் என்பதை, வழக்கில் எந்தத் தரப்பிலும் இல்லாத சட்டப் பேராசிரியர் மார்ட்டி லெடர்மன் தனி மனுவாக எழுதிக் கொடுத்திருந்தார். நீதிபதிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். டிசம்பர் 23-ல் 6-க்கு 3 என்ற கணக்கில் அரசின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. டிசம்பர் 31-ல் சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், போர்ட்லாண்டிலிருந்து கார்டை விலக்கிக்கொள்வதாக டிரம்ப் அறிவித்தார்.

பேரணிக்கும் போனேன். அக்டோபர் 18, டிரம்பை எதிர்த்த 'நோ கிங்ஸ்' பேரணி நாளன்று நாடெங்கும் கூட்டம். போர்ட்லாண்டில் ஆரம்பித்த காற்றடைத்த தவளை வேஷம் எங்கள் புறநகர் சாலையோரத்துக்கும் வந்துவிட்டது. தவளைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்காத தமிழ்க் குடும்பம் அன்றைக்கு இல்லை. கூட்டத்தைப் பார்த்தால் தெம்பு வரும், தனியாள் இல்லை என்று தெரியும். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் திரும்பி வந்து அடுத்த ஆறு மாதம் ஒன்றும் செய்யாதவர்கள்தான் அதிகம். போகிறவர்களுக்கு: போனில் முகத்தாலும் விரலாலும் திறக்கும் வசதியை நிறுத்தி, எண்ணால் மட்டும் திறக்கும்படி வையுங்கள். வக்கீல் நம்பரைக் கையில் மார்க்கரால் எழுதிக்கொள்ளுங்கள். காண்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போடுங்கள். யாராவது வந்து சீண்டினால் உட்கார்ந்துவிடுங்கள். உட்கார்ந்த கூட்டத்துக்குள் நிற்கிறவன் மட்டும் தனியாகத் தெரிவான்.

கார்டு வீரர்களை ஏசுவதில் எனக்கு உடன்பாடில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஒரு அம்மாவின் மகன் இல்லினாய் கார்டில் இருக்கிறான். படிப்புச் செலவுக்காகச் சேர்ந்த பையன். "அவனை சிகாகோவுக்கு அனுப்பினா நான் என்ன பண்ணுவேன்?" என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அழுதார். உத்தரவு சட்டத்துக்கு உட்பட்டதா என்று ரகசியமாக ஆலோசனை கேட்க ராணுவத்தினருக்கென்றே ஜிஐ ரைட்ஸ் ஹாட்லைன் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னேன். கோஷம் போட்டிருந்தால் அவர் என்னிடம் பேசியே இருக்கமாட்டார்.

இந்த ஆறேழு மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போன ஊர் பிராட்வியூ. சுமார் 8,000 பேர் வாழும் சின்ன ஊர். ஐஸ் பிடித்தவர்களை அடைத்துவைக்கும் மையம் அங்கேதான் இருக்கிறது. மையத்தைச் சுற்றிப் பொதுத் தெருவின் குறுக்கே மத்திய அரசு வேலி போட்டது. ஊராட்சி வழக்குப் போட்டது. சுதந்திரம், ஜனநாயகம் என்றெல்லாம் பேசவில்லை. தீயணைப்பு வண்டி போக வழியில்லை என்றது. வேலியை எடுக்கச் சொல்லி நீதிபதி லஷோண்டா ஹண்ட் உத்தரவிட்டார். எடுத்தார்கள்.

அதைப் பார்த்துத்தான் எனக்கும் கணவருக்கும் எங்கள் ஊர் கவுன்சில் பக்கம் பார்வை போனது. இங்கே பல புறநகர்களில் கார் நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராக்களைச் சாலையோரம் நட்டிருக்கிறார்கள். இல்லினாய் சட்டப்படி அந்தத் தகவலைக் குடிவரவு நடவடிக்கைக்காக வெளி ஆட்களுக்குக் கொடுக்கக் கூடாது. ஆனால் எல்லைக் காவல் துறைக்கு இந்தத் தகவல் திறந்துவிடப்பட்டிருந்ததை 2025 ஆகஸ்டில் மாநிலச் செயலர் அலெக்ஸி ஜனூலியஸ் நடத்திய தணிக்கை கண்டுபிடித்தது. ஓக் பார்க், எவன்ஸ்டன் என்ற புறநகர்கள் கேமரா கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தையே ரத்து செய்தன.

நம்மூர் ஆர்டிஐ மாதிரி இங்கே எஃப்ஓஐஏ. மாநில அளவில் பதில் தர ஐந்து வேலைநாள்தான் கெடு; தேவைப்பட்டால் இன்னொரு ஐந்து. கணவர் உட்கார்ந்து எழுதினார். ஒப்பந்தத்தின் நகல், எந்தெந்தத் துறைக்கு அணுகல் உண்டு என்ற பட்டியல், குறிப்பிட்ட மாதங்களில் நடந்த தேடல்களின் பதிவு. 'எல்லாத் தகவலும் வேண்டும்' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் சுமை அதிகம் என்று தட்டிவிடுவார்கள். தேதி போட்டு, ஆவணத்தின் பெயர் போட்டுக் கேட்க வேண்டும். முதல் பதிலாக அவகாசம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அதன் பிறகு வந்த கோப்பில் தேடலுக்கான காரணம் என்ற கட்டத்தில் பாதிக்கு மேல் வெறுமனே 'விசாரணை' என்று இருந்தது. அந்தப் பக்கங்களை அச்சடித்து கவுன்சில் கூட்டத்துக்கு எடுத்துப்போனேன். மூன்று நிமிடம் பேச அனுமதி. முதல் நிமிடத்தைப் பக்க எண் சொல்வதற்கே செலவழித்தேன். நாற்காலியில் சாய்ந்திருந்த உறுப்பினர் ஒருவர் நிமிர்ந்து, "அந்த நகல் எனக்கும் கிடைக்குமா?" என்று கேட்டார். இனி தேடலுக்கு வழக்கு எண் எழுதுவது கட்டாயம் என்று அடுத்தடுத்த கூட்டங்களில் முடிவானது. பேப்பரில் இது செய்தியாக வராது. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் போன் போடுவதும் இதே ரகம். வாஷிங்டன் அலுவலகத்தைவிட உள்ளூர் அலுவலகத்தில் ஆள் எடுப்பார்கள். பெயர், ஜிப் கோடு, ஒரே ஒரு கோரிக்கை. உள்நாட்டுப் படைப் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு வேண்டுமென்றால், ஆண்டுதோறும் நிறைவேறும் பாதுகாப்பு அங்கீகார மசோதா விவாதத்துக்கு வரும் மாதங்களில் கேட்டால்தான் பலன். எடுப்பவர் இருபது வயசுப் பிள்ளையாக இருப்பார், அவரிடம் கத்தாதீர்கள்.

வதந்தி பற்றியும் ஒரு வார்த்தை. அரோரா பாலாஜி கோயில் வாசலில் ஐஸ் நிற்கிறது என்று ஒரு வெள்ளிக்கிழமை வாட்ஸாப்பில் தீயாய்ப் பரவியது. யாரும் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள். அன்றைக்குக் கோயிலுக்குப் போகாமல் நின்றுவிட்ட வயதானவர்கள் எத்தனை பேரோ. பிறகு எங்கள் குழுவில் விதி போட்டோம்: நேரில் பார்த்தவர் மட்டும் எழுதலாம், நேரமும் இடமும் இல்லாத செய்தியை அட்மின் நீக்கிவிடுவார். 'கேள்விப்பட்டேன்' என்று தொடங்கும் செய்திகள் ஒரு வாரத்தில் நின்றுபோயின.

2026 மார்ச் 17 அன்று, கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த பிரைமரி தேர்தலில் எலெக்‌ஷன் ஜட்ஜாக உட்கார்ந்தேன். பெயர்தான் ஜட்ஜ், வேலை நம்மூர் வாக்குச்சாவடி அலுவலர் வேலை. ஒரு சாவடிக்கு ஐந்து பேர் என்றால் ஒரு கட்சிக்காரர் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. காலை ஐந்து மணிக்குப் போனால் மேஜை நகர்த்துவது, கேபிள் செருகுவது, வாக்குச்சீட்டுக் கட்டை எண்ணுவது. ஆறு மணிக்குக் கதவு திறக்கும், இரவு ஏழுக்கு மூடும். இல்லினாயில் எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று வாயால் சொல்லவேண்டும். நம்மவர்கள் சிலர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் காதில் கிசுகிசுத்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர் டிரம்ப் ஆதரவாளர், ஓய்வுபெற்ற மெக்கானிக். நாள் பூராவும் ஒரே டோனட் பெட்டியில் சாப்பிட்டோம். இரவு எண்ணிக்கை ஒரு சீட்டு உதைத்தபோது, "தப்பு இருக்குன்னு ஒரு ஆளும் சொல்லக் கூடாது" என்று அவர்தான் மறுபடி எண்ணவைத்தார். இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

நவம்பர் 3 இடைக்காலத் தேர்தலில் சாவடிக்குப் படை வருமா என்று பலர் கேட்கிறார்கள். தேர்தல் நடக்கும் இடத்தில் படையையோ ஆயுதம் தாங்கிய மத்திய அரசு ஆட்களையோ நிறுத்துவது 1865-லிருந்தே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நாட்டின் ஆயுதமேந்திய எதிரிகளை விரட்டுவதற்கு மட்டும்தான் விலக்கு. ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. இது தெரிந்த இரண்டு கட்சிக்காரர்கள் சாவடிக்குள் உட்கார்ந்திருப்பது நல்லது. சிட்டிசன்கள் கவுண்டி கிளார்க் இணையதளத்தில் இப்போதே பெயர் கொடுக்கலாம். பயிற்சியும் தருவார்கள், கூலியும் உண்டு. கிரீன் கார்டு, எச்1பி நண்பர்களுக்குச் சொல்வது வேறு. டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது கவுன்டரில் இருப்பவர் வாக்காளர் பதிவும் சேர்த்துச் செய்யட்டுமா என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள், தாளில் தேர்வுக்குறி இல்லை என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தெரியாமல் பதிவாகி ஓட்டும் போட்டுவிட்டால் நாடுகடத்தல் வரைக்கும் போகும், பின்னால் சிட்டிசன்ஷிப்பும் சிக்கலாகும்.